புஜ்ஜியின் மூச்சில் கர்ர் சத்தம்

கேள்வி: எங்கள் வீட்டுக் கினிப் பன்றி புஜ்ஜிக்கு நான்கு வயது. எட்டு மாதமாக மூச்சு விடும்போது கர்ர் கர்ர் என்று சத்தம் வருகிறது. அவ்வப்போது தும்மல், மூக்கில் ஈரம். மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தோம். கொடுக்கும்போது குறைகிறது; நிறுத்தி இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. "இது நாள்பட்ட மூச்சுக் கோளாறு, இப்படித்தான் இருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். 1,050 கிராம் இருந்தவன் இப்போது 940 கிராம். என் மகனுக்கு வாங்கிய நெபுலைசர் வீட்டில் இருக்கிறது, அதைப் புஜ்ஜிக்கு வைக்கலாமா? மகனுக்கு எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப்பும் பாதி மிச்சம் இருக்கிறது, கொஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா? கூண்டில் மரத்தூள் போட்டிருக்கிறோம். அதே அறையில் ஒரு முயலும் இருக்கிறது, அதற்கு எந்தத் தொந்தரவும் இல்லை. புஜ்ஜியோடு இருக்கும் மினியைப் பிரித்து வைக்க வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலே, அவன் கஷ்டப்படுகிறானா என்பதுதான் என் பயம்.

பதில்: அந்த அமாக்ஸிசிலின் சிரப்பை எடுத்து முதலில் எங்காவது ஒளித்து வையுங்கள். மற்ற கேள்விகளுக்கு நிதானமாக வரலாம், இது ஒன்றுக்குத்தான் அவசரம். மனிதக் குழந்தைக்கும் நாய்க்கும் பூனைக்கும் சாதாரணமாகக் கொடுக்கும் மருந்துதான் அது. ஆனால் கினிப் பன்றிக்கு அது விஷம் மாதிரி. காரணம் குடலில் இருக்கிறது. காய்ந்த புல்லையே தின்று உயிர் வாழும் பிராணி இது. அந்தப் புல்லைச் செரிக்க வைப்பது அதன் குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகள்தான். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் எல்லாம் அந்தக் குடியிருப்பைக் கலைத்துவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். தீனி நிற்கும், கழிச்சல் வரும், உடம்பு ஜில்லிடும், சில நாளில் உயிரே போய்விடும். கொஞ்சமாகக் கொடுத்தால் பரவாயில்லையா என்றால், பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கினிப் பன்றிகளுக்கு நாங்கள் வழக்கமாக எழுதுவது எண்ரோஃப்ளாக்ஸசின், டிரைமெத்தோபிரிம்-சல்ஃபா, டாக்ஸிசைக்ளின் போன்றவை. இவற்றிலும் அளவு எடையைப் பொறுத்தது. அதனால் புஜ்ஜியைப் பார்த்தவர்தான் எழுத வேண்டும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். "நாள்பட்ட மூச்சுக் கோளாறு" என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. கதவு கிறீச்சிடுகிறது என்று சொல்வது போலத்தான் அது. கீல் துருப்பிடித்ததா, கதவு தொங்கிவிட்டதா, நிலை வீங்கியதா என்று அது சொல்லாது. எட்டு மாதமாக புஜ்ஜிக்குச் சத்தத்துக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடியதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை.

தேட வேண்டிய இடங்கள் நான்கு. மூக்கு, பல், நுரையீரல், இதயம்.

மூக்கில் ஆரம்பிக்கலாம். கினிப் பன்றி மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நம்மைப் போல மூக்கடைத்தால் வாயைத் திறந்து சமாளிக்க அதன் தொண்டை அமைப்பு விடாது. அதனால் மூக்கில் கொஞ்சம் சளி சேர்ந்தாலே பெரிய சத்தம் கேட்கும். ஒரு புல் துரும்பு மூக்கில் ஏறி மாதக்கணக்கில் அங்கேயே இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத் துளையிலிருந்து மட்டும் ஒழுகுகிறதா, இரண்டிலிருந்துமா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் துரும்பு இருக்கலாம். பல்லாகவும் இருக்கலாம். கினிப் பன்றிக்குக் கடைவாய்ப் பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல் மெல்வது குறைந்தால் பல் வெளியே நீள்வதோடு, வேரும் உள்ளே நீளும். மேல் தாடைப் பல்லின் வேர் மூக்குப் பாதையை ஒட்டியும் கண்ணுக்கு அடியிலும் இருக்கிறது. அங்கே சீழ் வைத்தால் மூக்கு ஒழுகும், அந்தப் பக்கக் கண்ணில் நீர் வடியும். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சீழ் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். உங்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தானே போகிறது? பல்தான் காரணம் என்று நான் முடிவு கட்டவில்லை. முன்பற்களை மட்டும் பார்த்துவிட்டு "பல் நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் போதாது, உள்ளே கடைவாய் வரை பார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன்.

அடுத்தது நுரையீரல். கினிப் பன்றிகளுக்கு நிமோனியா கொடுப்பதில் பெயர் போன கிருமி போர்டெடெல்லா. இங்கேதான் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு வரி என்னை நிறுத்தியது. அறையில் முயல் இருக்கிறது, அதற்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். முயல்களும் நாய்களும் இந்தக் கிருமியை மூக்கிலேயே சுமந்துகொண்டு, ஒரு தும்மல்கூடப் போடாமல் திரியும். அதே கிருமி கினிப் பன்றிக்கு உயிருக்கே உலை வைக்கும். முயல் நன்றாக இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் தருகிற செய்தி இல்லை. மூன்று தடவை மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வருவதற்கு, தினமும் பக்கத்துக் கூண்டிலிருந்து புதிதாகத் தொற்றுவது ஒரு காரணமாக இருக்கலாம். முயலை வேறு அறைக்கு மாற்றுங்கள். முயலைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுப் புஜ்ஜியைத் தூக்குங்கள். கிருமியைக் கண்டுபிடிக்க மூக்குச் சளியை எடுத்துக் கல்ச்சர் டெஸ்ட் செய்யலாம். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் அதிலேயே தெரிந்துவிடும். நான்காவது ஆன்டிபயாடிக்கைக் குருட்டாம்போக்கில் ஆரம்பிப்பதற்கு முன் இதைச் செய்வது நல்லது. மருந்தை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நுரையீரல் தொற்று என்றால் இரண்டு மூன்று வாரம் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். ஐந்தாம் நாள் சத்தம் குறைந்ததும் நிறுத்துவது எல்லோரும் செய்கிற தவறு.

மூன்று வயதைத் தாண்டிய கினிப் பன்றிகளுக்கு நுரையீரலில் கட்டி வருவதும் உண்டு. பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டிதான். இருந்தாலும் எக்ஸ்ரே மாதிரிப் படம் எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

நான்காவதாக இதயம். பலரும் மறந்துவிடுவது இதைத்தான். இதயம் வீங்கிச் சரியாக அடிக்காவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சு வாங்கும். வெளியே பார்க்க அச்சு அசல் சளி மாதிரியே இருக்கும். சில சமயம் ஆந்தை கூவுவது போன்ற ஓசைகூட வரும். பழையபடி ஓடியாடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது, தீனி குறையாமலே எடை குறைவது, இவை சேர்ந்து வந்தால் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஃப்யூரோசமைட், பிமோபெண்டன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கொடுத்தால் நன்றாகவே கேட்கும் பிராணிகள் உண்டு. ஆனால் இதயக் கோளாறுக்கு எத்தனை பாட்டில் ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதனால் எக்ஸ்ரே வேண்டும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதிலும் ஒரு கண் வையுங்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில், மூச்சு வாங்க வந்த ஒரு கினிப் பன்றியை நேராக எக்ஸ்ரே மேஜைக்குக் கொண்டுபோய் மல்லாத்திப் பிடித்தேன். படம் அருமையாக விழுந்தது. அந்த அருமையான படத்தை டெவலப் செய்வதற்குள் என் கையிலேயே அதன் மூச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து, மூச்சுத் திணறலோடு வருவதை முதலில் ஆக்ஸிஜன் விட்ட பெட்டியில் பத்திருபது நிமிடம் வைத்துவிட்டுத்தான் தொடுகிறேன். மல்லாத்தி எடுப்பதே இல்லை, குப்புற வைத்துத்தான். உங்கள் டாக்டரிடம் "ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, சத்தத்தை ஃபோனில் பிடியுங்கள். மருத்துவமனைக்கு வந்ததும் பயத்தில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது இந்தப் பிராணியின் குணம். புஜ்ஜி அசந்திருக்கும்போது ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம், பிறகு விலாவுக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பதிவு செய்யுங்கள். மூக்கில் பலமாகவும் விலாவில் மெல்லவும் கேட்டால் கோளாறு மேலே இருக்கலாம். விலாவில் காதை வைத்தால் மொறுமொறுவென்று, பனிக்கட்டியை மெதுவாக நசுக்குவது போலக் கேட்டால் அது நெஞ்சு விவகாரம்.

இரண்டாவது காரியம் மூச்சை எண்ணுவது. புஜ்ஜி படுத்திருக்கும்போது, நீங்கள் கிட்டே போகாமல், பின் விலாவைப் பாருங்கள். அது ஒருமுறை உப்பி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். வேகமாக இருந்தால் வீடியோ எடுத்து ஸ்லோ மோஷனில் எண்ணலாம். ஓய்வாக இருக்கும் கினிப் பன்றிக்கு நிமிடத்துக்கு 40 முதல் 100 வரை இயல்பு என்று சொல்வோம். இது அகலமான கணக்கு. உங்களுக்கு வேண்டியது புஜ்ஜியின் கணக்கு. ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் எண்ணிக் குறித்தால் அவனுடைய வழக்கம் தெரிந்துவிடும். 60 வழக்கமாக உள்ளவனுக்கு 90 என்பது ஆபத்துக்கான அறிகுறி, புத்தகக் கணக்குப்படி இயல்பாக இருந்தாலும்.

அதே நோட்டில் எடையையும் எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும், மேலே ஒரு கிண்ணம் வைத்துக் கொள்ளலாம். 1,050-இலிருந்து 940 என்றால் 110 கிராம், பத்தில் ஒரு பங்குக்கு மேல். எட்டு மாதத்தில் மெல்லக் குறைந்ததா, கடைசி மூன்று வாரத்தில் சரிந்ததா என்பதைப் பொறுத்து என் கவலை மாறும். இரண்டாவது என்றால் இந்த வாரமே காட்டுங்கள். நல்ல நாளில் வாரம் ஒருமுறை நிறுத்தால் போதும். இப்போது தினமும் நிறுங்கள். சத்தம் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், நம்மை ஏமாற்றும். தராசு ஏமாற்றாது.

கூண்டைப் பற்றி. மரத்தூளை மாற்றிவிடுங்கள். பொடியான தூள் எந்த மரமானாலும் மூக்குக்கு ஆகாது. சீடார் தூளும், சூளையில் உலர்த்தாத பைன் தூளும் நெடியாலேயே மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். காகிதத்தில் செய்த விரிப்பு அல்லது துவைத்துப் போடக்கூடிய ஃப்ளீஸ் துணி நல்லது. சுத்தம் செய்கிறோம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள். அதனால் ஒரு சோதனை: காலையில் எழுந்ததும், கூண்டைத் தொடும் முன், குனிந்து உங்கள் மூக்கைத் தரையை ஒட்டி, புஜ்ஜியின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுங்கள். நின்றபடி பார்க்கும்போது தெரியாத மூத்திர நெடி அங்கே சுருக்கென்று ஏறும். ஏறினால், இன்னும் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். கண்ணாடித் தொட்டியில் வைத்திருந்தால் இன்னும் மோசம், நெடி வெளியே போகவே வழியில்லை.

காய்ந்த புல்லை நிறுத்திவிடாதீர்கள். தூசி என்று பயந்து புல்லை நிறுத்தினால் பல் நீண்டு, குடல் நின்று, வேறு நோய் வந்துவிடும். பையிலிருந்து எடுத்ததும் வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு வையுங்கள். பையின் அடியில் தங்கும் பொடியைக் கொட்டிவிடுங்கள். வாசனை ஸ்பிரே, சிகரெட், பூச்சிமருந்து எதுவும் அந்த அறையில் வேண்டாம். 18 முதல் 24 டிகிரி வரை அறை இருந்தால் அவனுக்குச் சௌகரியம். கினிப் பன்றி குளிரைவிட வெப்பத்தில்தான் சீக்கிரம் விழும். அதிலும் மூச்சுக் கோளாறு உள்ளது என்றால் சொல்லவே வேண்டாம்.

நெபுலைசருக்கு வருவோம். தாராளமாக வைக்கலாம், நல்ல யோசனை. இயந்திரம் ஒன்றாக இருக்கட்டும். மருந்துக் குப்பியும் குழாயும் புஜ்ஜிக்குத் தனியாக வாங்குங்கள். மகனுடைய குப்பியில் ஒட்டியிருக்கும் மருந்து இவனுக்கு வேண்டாம், இவனுடைய கிருமி மகனுக்கும் வேண்டாம். உள்ளே விடுவது 0.9 சதவீத நார்மல் சலைன் மட்டும், 3 முதல் 5 மில்லி. குழாய்த் தண்ணீர் கூடாது. முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்தாதீர்கள், திமிறுவான், அதிலேயே மூச்சு வாங்கும். அவன் திரும்பிப் படுக்கும் அளவுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து, பக்கத்தில் குழாய் நுழைய ஒரு ஓட்டை, மேலே காற்று வெளியேறச் சில ஓட்டைகள் போடுங்கள். கீழே ஒரு துண்டை விரித்து அவனை உள்ளே விடுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. முதல் நாள் இயந்திரச் சத்தத்துக்கு உறைந்துபோய் நிற்பான். கையில் பிடித்த கொத்தமல்லித் தழை ஒன்றை உள்ளே போட்டால் பாதிப் பயம் தெளியும். முடிந்ததும் மேலே படிந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடக்க விடுங்கள். இளகிய சளி தும்மலோடு வெளியே வரும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பதற வேண்டாம். மூக்கு ஓரத்தில் காய்ந்ததை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், உள்ளே எதையும் விடாதீர்கள். கொதிக்கும் நீராவி, யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் எதுவும் கூடாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தையோ ஆன்டிபயாடிக்கையோ இதில் சேர்ப்பது டாக்டர் சொன்னால் மட்டும்.

வைட்டமின் சி. மனிதர்களைப் போலவே கினிப் பன்றிக்கும் அதை உடம்பிலேயே தயாரிக்க முடியாது. நலமாக இருக்கும்போது கிலோவுக்கு 10 முதல் 30 மில்லிகிராம், நோயில் 50 வரை தினமும் தேவை. புஜ்ஜிக்கு 100 மில்லிகிராம் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து சிரிஞ்சால் கொடுத்தால் சரியாக இருக்கும். தண்ணீர் பாட்டிலில் கலந்து வைக்காதீர்கள், சத்து சீக்கிரம் குறைந்துவிடும், ருசி பிடிக்காமல் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிடுவான். மல்டிவைட்டமினும் வேண்டாம். குடைமிளகாய்த் துண்டு ஒன்றைத் தினமும் கொடுத்தால் அதிலிருந்தும் நிறையக் கிடைக்கும். திறந்து பல மாதமான பெல்லட் தீனிப் பையில் வைட்டமின் சி இருக்கும் என்று நம்பாதீர்கள்.

சிரிஞ்சில் எதைக் கொடுத்தாலும் நேராக வாய்க்குள் பாய்ச்சாதீர்கள். முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கிறது. அங்கே நுனியை வைத்து அரை மில்லி தள்ளி, அவன் மென்று விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த அரை மில்லி. அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும்.

இனி, காத்திருக்கவே கூடாத நிலைமைகள். மூக்கால் முடியாமல் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் தலை மேலே தூக்கினால், முழங்கையை அகட்டிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தால், உதடும் ஈறும் நீலமோ சாம்பலோ பாய்ந்தால், உடனே கிளம்புங்கள். நடுராத்திரியானாலும்தான். 12 மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை என்றாலும் அப்படித்தான். கினிப் பன்றிக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மடியில் அணைத்துக்கொண்டு போகாமல் பெட்டியில் வைத்து, துணி போட்டு, பேச்சுக் கொடுக்காமல் கொண்டுபோங்கள். இன்னொரு பக்கம், கண்ணில் பால் போல ஒரு துளி வந்து அதைக் கையில் எடுத்து முகம் கழுவினால் பயப்படாதீர்கள். அது அவன் தினசரி ஒப்பனை, சீழ் இல்லை. நாளுக்கு ஒன்றிரண்டு தும்மலும் கணக்கில் சேராது.

கஷ்டப்படுகிறானா என்று கேட்டீர்கள். வேட்டையாடப்படும் இனம் என்பதால் கஷ்டத்தை மறைத்து வைக்கும், முனகாது. அதனால் நான் இப்படித்தான் பார்ப்பேன்: ஃபிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தத்துக்கு இன்னும் கத்துகிறானா? காய்ந்த புல்லைத் தானாக இழுத்துத் தின்கிறானா? பக்கவாட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறானா? மூச்சுக்குத் திண்டாடும் கினிப் பன்றி அப்படிப் படுக்காது, குந்தியபடியே கண்ணை மூடும். மூன்றுக்கும் ஆம் என்றால், கர்ர் சத்தம் உங்களுக்குத்தான் அதிகத் தொந்தரவு, அவன் அதோடு வாழப் பழகிவிட்டான். பழைய நிமோனியாவின் தழும்போடு, நாளுக்கு இரண்டு வேளை நெபுலைசரோடு, இரண்டு மூன்று வருடம் சந்தோஷமாக இருந்த கினிப் பன்றிகள் என் நோட்டில் உண்டு. மூன்றுக்கும் இல்லை என்ற நாட்கள் தொடர்ந்து வந்து, காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தும் மாறவில்லை என்றால், வலியில்லாமல் அனுப்பிவைப்பதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். இன்னும் எக்ஸ்ரேகூட எடுக்காத நிலையில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

மினியைப் பிரிக்காதீர்கள். எட்டு மாதமாக ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்து ஒரே மூலையில் படுத்தவளுக்கு வர வேண்டியது இதற்குள் வந்திருக்கும். பிரித்தால் இரண்டுமே தீனியை நிறுத்திவிடும் அபாயம்தான் அதிகம். மருத்துவமனைக்குப் போகும்போதும் பெட்டியில் அவளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் மாற்றுங்கள்: காய்கறி வைக்கும்போது கால் மணி நேரம் நடுவில் ஒரு தடுப்பு வைத்துத் தனித்தனித் தட்டில் கொடுங்கள். இல்லாவிட்டால் தட்டு காலியானதைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், தின்றது முழுக்க மினியாக இருக்கும். அவளுக்கும் வாரம் ஒருமுறை தராசு, அதே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில்.